மீத்தேனின் இரண்டு பிறவிகள்

டெல்டாவில் மீத்தேன் என்ற சொல்லுக்கு இரண்டு பிறவி. முதல் பிறவியில் அது மண்ணுக்கு அடியில் கிடந்த புதையல். அதை எடுக்கவிடாமல் மறித்த விவசாயி வளர்ச்சியின் எதிரி. இரண்டாம் பிறவியில் அது மண்ணுக்கு மேலே கிளம்பும் பாவம். அதைக் கிளப்பிவிடும் விவசாயி பூமியின் எதிரி. வாயு ஒன்றுதான். ஒரு கரி அணு, நான்கு ஹைட்ரஜன் அணு. இரண்டு பேச்சுக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் ஓடியிருக்கிறது. இரண்டு தடவையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்ட ஆள் மட்டும் மாறவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெல் வயலிலிருந்து மீத்தேன் வருவது உண்மை. அது மேற்கத்திய சதி, கார்ப்பரேட் கட்டுக்கதை என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. என் சண்டை வேறு இடத்தில். அந்த மீத்தேனை யார் எண்ணுகிறார்கள், எதோடு சேர்த்து எண்ணுகிறார்கள், எண்ணி முடித்த பிறகு பில்லை யார் கையில் கொடுக்கிறார்கள் என்பதில்.

சேற்றுக்குள் நடப்பது

நம் ஊர்ப் பாட்டிகளுக்கு மீத்தேன் தெரியும். பெயர்தான் வேறு. ஏரி உள்வாயிலும் சதுப்பிலும் ராத்திரியில் திடீரென்று எரிந்து அணையும் கொள்ளிவாய்ப் பிசாசுக்குப் பின்னால் இருந்தது சேற்று வாயுதான் என்று பள்ளிக்கூடத்தில் நமக்கு விளக்கம் சொன்னார்கள். 1776-இல் இத்தாலியின் மஜோரே ஏரிச் சேற்றைக் கிளறி, வந்த குமிழியைப் பிடித்துக் கொளுத்திப் பார்த்தவர் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா. சம்பா வயலில் இறங்கி நடந்தவர்கள் எல்லாரும் அந்தக் குமிழியைக் கணுக்காலில் உணர்ந்திருப்பார்கள்.

நடப்பது இதுதான். வயலில் தண்ணீர் கட்டினால் சில நாட்களில் மண்ணுக்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. போன போகத்துத் தாள், வேர், எரு எல்லாவற்றையும் ஆக்சிஜன் இல்லாமலே மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குகின்றன. அவற்றின் கடைசி வரிசையில் நிற்பவை மீத்தேனை விடுகின்றன. அதில் ஒரு பகுதியை வேரடியில் இருக்கும் வேறு நுண்ணுயிர்கள் தின்றுவிடும். மிச்சத்தில் பெரும்பகுதி, நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றுக்குழல் வழியாகவே வெளியேறுகிறது. வேருக்குக் காற்றுக் கொண்டுபோகப் பயிர் வைத்திருக்கும் அதே குழல், திரும்பி வரும்போது மீத்தேனைக் கூட்டிவருகிறது.

இந்த வாயு சாதாரணமானதும் இல்லை. நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். இருபது வருஷக் கணக்கில் 80 மடங்குக்கு மேல். ஆனால் ஆயுள் குறைவு, சுமார் 12 வருஷம். அதனால்தான் மீத்தேனைக் குறைத்தால் பலன் நம் ஆயுளிலேயே தெரியும் என்று விஞ்ஞானிகள் அவசரப்படுகிறார்கள். அந்த அவசரம் நியாயம்தான். அந்த அவசரத்தில் எந்தக் கதவைத் தட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

3.78 கோடியும் 40 லட்சமும்

1990-களின் தொடக்கத்தில் இந்திய நெல் வயல்கள் வருஷத்துக்கு 3.78 கோடி டன் மீத்தேன் விடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் மதிப்பீடு ஒன்று சொன்னது. இந்திய வயலில் அளந்து வந்த எண் இல்லை அது. ஐரோப்பிய, அமெரிக்க வயல்களில் அளந்ததை இந்தியாவின் நெல் பரப்போடு பெருக்கி எடுத்தது. அந்த எண்ணோடு போய்ப் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தால் இந்தியாவின் கதி என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா தலைமையில் 1991-இல் நாடு முழுக்க வயல்களில் பெட்டி கவிழ்த்து அளந்தார்கள். வந்த விடை ஏறக்குறைய 40 லட்சம் டன். பத்தில் ஒரு பங்கு! நம் வயல் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி முழங்கால் தண்ணீரில் நிற்பதில்லை. மானாவாரி இருக்கிறது, நடுவில் காயும் வயல் இருக்கிறது, கரிமச்சத்து குறைந்த மண் இருக்கிறது. அளந்தால்தான் தெரியும். பிறகு வந்த அரசுக் கணக்குகளும் கிட்டத்தட்ட அந்த வரம்புக்குள்ளேயேதான் நிற்கின்றன.

அதே 1991-இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் இன்னொரு கேள்வியைக் கேட்டார்கள். அமெரிக்காவில் ஓடும் காரின் புகையையும், வங்காளத்து ஏழை விவசாயியின் வயலில் வரும் மீத்தேனையும் ஒரே பட்டியலில் கூட்டுவது என்ன நியாயம்? ஒன்று வசதிக்கு, இன்னொன்று சோற்றுக்கு. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கேள்விக்கு எவரும் நேராகப் பதில் சொல்லவில்லை; பழையது என்று சொல்லி ஒதுக்கிவைத்தார்கள். 2021-இல் கிளாஸ்கோவில் மீத்தேனை 2030-க்குள் 30 சதவீதம் குறைக்கும் உறுதிமொழி வந்தபோது இந்தியா கையெழுத்துப் போடவில்லை. உடனே, இந்தியா மாட்டுக்கும் நெல்லுக்கும் பின்னால் ஒளிந்துகொள்கிறது என்றார்கள்.

இந்தக் குற்றச்சாட்டில் பாதி சரி. ஒளிந்துகொள்ளத்தான் செய்கிறது. நிலக்கரிச் சுரங்கத்திலும் எரிவாயுக் குழாயிலும் நகராட்சிக் குப்பைமேட்டிலும் கசியும் மீத்தேனைப் பற்றிப் பேசவேண்டிய இடத்தில், ஏழை விவசாயியின் பெயரைச் சொல்லித் தப்பிப்பது நம் அரசுகளுக்குக் கைவந்த கலை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2021 கணக்குப்படி மனிதர்களால் வரும் மீத்தேனில் 35 சதவீதம் புதைபடிவ எரிபொருளிலிருந்து வருகிறது. நெல்லின் பங்கு உலகம் முழுக்கச் சேர்த்து 8 சதவீதம். குழாய்க் கசிவை அடைக்கத் தேவையான தொழில்நுட்பம் கையில் இருக்கிறது, பெருமளவு செலவும் திரும்பி வந்துவிடும் என்று சர்வதேச எரிசக்தி முகமையே சொல்கிறது. ஆனாலும் பருவநிலை பற்றிய கட்டுரைக்குப் படம் வேண்டுமென்றால் பத்திரிகைக்காரர் தேடுவது நாற்று நடும் பெண்ணைத்தான். குனிந்த முதுகு படத்தில் நன்றாக இருக்கிறது. கசியும் வால்வு அப்படி இல்லை.

காட்டை யாரும் திட்டுவதில்லை

2000-க்குப் பிறகு சில வருஷம் காற்றில் மீத்தேன் ஏறாமல் நின்றது. 2007 முதல் மறுபடியும் ஏறத் தொடங்கியது. தொழிற்புரட்சிக்கு முன் நூறு கோடியில் 720 பங்கு அளவில் இருந்தது, இன்று 1,900-ஐத் தாண்டிவிட்டது. புதிதாக ஏறியதில் கணிசமான பகுதி நுண்ணுயிர்களின் வேலை என்று கரி அணுவின் ஐசோடோப்புகள் காட்டுகின்றன. மாடு, குப்பை, வயல் ஆகியவற்றோடு வெப்பமண்டலச் சதுப்புகளும் வெள்ளக்காடுகளும் அதில் சேர்த்தி. தெற்கு சூடானின் சட் சதுப்பு, அமேசான் வெள்ளக்காடு எல்லாம் செயற்கைக்கோள் படத்தில் தெரிகின்றன. அமேசானில் தண்ணீரில் நிற்கும் மரங்கள் தண்டு வழியாக எவ்வளவு மீத்தேனை விடுகின்றன என்று 2017-இல் ஓர் ஆய்வு கணக்குப் போட்டபோது, அது அதுவரை யாரும் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. 2024-இல் வந்த இன்னொன்று, மேட்டு நிலக் காட்டு மரங்களின் பட்டை மீத்தேனை உறிஞ்சவும் செய்கிறது என்றது.

அதற்காக அமேசானை வடித்துவிடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது. காடு இயற்கை, வயல் மனிதன் செய்தது. கணக்குப் புத்தகத்தில் இரண்டும் வேறு வேறு பக்கம்.

காவிரி கடலில் சேரும் இடத்தில் இந்தப் பிரிவினை கொஞ்சம் கலங்கிப்போகிறது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குக் கோரையாறும் பாமணியாறும் கொண்டுவருவது காவிரியின் கடைசித் தண்ணீர். வயலில் கட்டி, வடித்து, மிஞ்சிய தண்ணீர். அங்கே காட்டுக்கும் வயலுக்கும் நடுவில் வேலி கிடையாது. வடக்கே பிச்சாவரத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆர். பூர்வஜாவும் ஆர். ரமேஷும் அளந்து பார்த்தார்கள். சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கும் சுவாச வேர்கள் வழியாக மீத்தேன் வருவதை 2004-இல் எழுதினார்கள். அதற்கு முன்பே தென்னிந்தியக் கடலோரச் சதுப்புகளை ஒப்பிட்டு, கழிவு சேர்ந்த இடத்தில் மீத்தேன் கூடுவதைக் காட்டியிருந்தார்கள். கடல்நீரின் சல்பேட் இருக்கும்வரை மீத்தேன் நுண்ணுயிர்களின் கை ஓங்குவதில்லை. ஊர்ச் சாக்கடை வந்து சேரும்போது நிலைமை மாறுகிறது.

அப்படியென்றால் காட்டிலிருந்து வரும் மீத்தேன் முழுக்க இயற்கை என்று எப்படிச் சொல்வது? நகரத்தின் சாக்கடை காட்டின் மூக்கு வழியாக மூச்சு விடுகிறது. கணக்கில் அது காட்டின் பேரில் விழுகிறது, நகரத்தின் பேரில் விழுவதில்லை. வயலில் வருவது மட்டும் பட்டா எண்ணோடு பதிவாகும்.

புதையலாக இருந்த காலம்

முதல் பிறவியை இளைய வாசகர்கள் மறந்திருக்கலாம். மன்னார்குடி வட்டாரத்தில் மண்ணுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. அதில் ஒட்டியிருக்கும் மீத்தேனை எடுக்க கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்துக்கு 2010-இல் மத்திய அரசு உரிமம் தந்தது. 2011 ஜனவரியில் மாநில அரசு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் 691 சதுர கிலோமீட்டர். நிலக்கரியிலிருந்து மீத்தேன் பிரிய வேண்டுமானால் முதலில் அங்குள்ள நிலத்தடி நீரை இறைத்து வெளியே ஊற்ற வேண்டும். தண்ணீருக்காக உச்ச நீதிமன்றப் படியேறும் ஊரில், இருக்கிற தண்ணீரை இறைத்துக் கொட்டும் திட்டம்!

நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 2013 டிசம்பர் 30 அன்று அத்திவெட்டியில் அவர் உயிர் பிரிந்தபோதும் அந்தப் பிரசாரத்தில்தான் இருந்தார். வல்லுநர் குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2015-இல் மாநில அரசு திட்டத்துக்கு அனுமதி இல்லை என்றது. 2017-இல் நெடுவாசலும் கதிராமங்கலமும் எழுந்தன. 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. 2023-இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே என்று நிலக்கரி ஏலப் பட்டியலில் டெல்டா மறுபடி தலைகாட்டியது. எதிர்ப்பு கிளம்பியதும் நீக்கினார்கள்.

சட்டம் வந்ததற்குப் பட்டாசு வெடித்தோம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கிணறுகளை அது தொடவில்லை என்பதை மெதுவாகத்தான் படித்தோம். நரிமணம், குத்தாலம், அடியக்கமங்கலம் பக்கம் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் வேலை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. நான் கேட்பது எளிய கேள்வி. வயலில் பெட்டி கவிழ்த்து மீத்தேனை அளக்க ஆள் வருகிறார்கள். அதே ஊரின் எரிவாயுக் கிணற்றடியில், குழாய் மூட்டில் எவ்வளவு கசிகிறது என்று அளந்து, ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப்போட யாராவது வருகிறார்களா?

வயலின் மீத்தேன், போன வருஷம் பயிர் காற்றிலிருந்து எடுத்த கரியைத்தான் திருப்பித் தருகிறது. மீத்தேனாக இருக்கும் வரையில் அது சூடேற்றுவது நிஜம். ஆனால் நிலத்தடி மீத்தேன் பல லட்சம் வருஷமாகப் புதைந்திருந்த கரியைப் புதிதாகக் காற்றில் சேர்க்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பவர்கள் குறைந்தபட்சம் இரண்டையும் அளக்கவாவது வேண்டும்.

நம் பக்கத்துக் கட்டுக்கதை

இப்போது நம் ஆட்களிடம் வருகிறேன். பாரம்பரிய நெல்லும் இயற்கை உரமும் போட்டால் மீத்தேன் பிரச்சினையே இல்லை என்று மேடையில் பேசுகிறார்கள். அப்படி இல்லை. பச்சைத் தாளையோ வைக்கோலையோ தக்கைப்பூண்டையோ மடக்கி உழுது உடனே தண்ணீர் கட்டினால் நுண்ணுயிர்களுக்குக் கல்யாண விருந்து. மீத்தேன் கூடும். ஐந்தரை மாசம் நிற்கும் மாப்பிள்ளைச் சம்பாவுக்கு நூற்றுச் சொச்சம் நாள் குறுவையைவிடத் தண்ணீர் நிற்கும் நாள் அதிகம், மகசூல் குறைவு. ஒரு கிலோ அரிசிக்கு எவ்வளவு மீத்தேன் என்று கேட்டால் விடை நமக்கு உவப்பாக இருக்காது. அந்த நெல்லைப் பயிரிட வேறு நல்ல காரணங்கள் நிறைய இருக்கின்றன. இந்தப் பொய்க் காரணம் தேவையில்லை. எருவை மக்கவைத்துப் போடுவது, உழவுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இடைவெளி விடுவது என்று நேர்மையான வழிகள் உண்டு.

காய்ச்சலும் பாய்ச்சலும்

மீத்தேனைக் குறைக்க உலகம் இன்று பரிந்துரைக்கும் முறைக்கு நம்மிடம் பழைய பெயர் இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். தண்ணீர் கட்டு, வற்றவிடு, லேசாக வெடிப்புக் காணும்போது மறுபடி கட்டு. ஆக்சிஜன் உள்ளே போகும், மீத்தேன் பாதியளவு குறையும், தண்ணீரும் மிச்சம். துளையிட்ட குழாயை வயலில் புதைத்து மட்டம் பார்க்கச் சொல்லித் தருகிறது வேளாண் பல்கலைக்கழகம்.

பிறகு ஏன் டெல்டாவில் இது பரவவில்லை? ஒரு விவசாயி ஒரே வரியில் சொன்னார்: "தண்ணிய வடிச்சு விட்டுட்டு, திரும்ப எப்ப வரும்னு ஆறு எனக்கு லெட்டரா போடும்?"

இதில் எல்லாம் அடங்கிவிட்டது. மேட்டூர் திறக்க ஜூன் 12 என்று ஒரு தேதி இருக்கிறது. 2017-இல் அக்டோபர் 2-ஆம் தேதி திறந்தார்கள். 2022-இல் மே 24. 2024-இல் ஜூலை 28. 2023-இல் சரியாக ஜூன் 12 அன்றே திறந்தும், பின்னால் தண்ணீர் போதாமல் குறுவை கருகியது. முறை வைத்து விடும் ஆற்றுப் பாசனத்தில், வயலுக்கு வயல் பாயும் மடையில், கிடைக்கும்போது கட்டிவைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். தேங்கிய தண்ணீர் அவருக்குச் சேமிப்புக் கணக்கு. அதைக் காலி செய்யச் சொல்பவர் உத்தரவாதம் தரவேண்டாமா?

சம்பா, தாளடியில் கதை தலைகீழ். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடைமடை வயலை வடிக்க ஆசைப்பட்டாலும் வடிக்க முடியாது. வடிகால் வாய்க்கால் ஆகாயத்தாமரையும் மண்ணும் அடைத்துக் கிடக்கிறது. ஆகப் பாய்ச்சல் மேட்டூர் கையில், காய்ச்சல் வடிகால் கையில். இரண்டும் விவசாயி கையில் இல்லை. காய்ச்சலும் பாய்ச்சலும் இன்று சாத்தியப்படுவது ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்பவருக்கு மட்டும்தான்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிற்கும் தண்ணீர் களையை அமுக்கும். வற்றினால் களை கிளம்பும். களை பறிக்கும் பெண்களுக்குக் கூலி கொடுக்கவேண்டும், இல்லையென்றால் களைக்கொல்லி. காய்ந்து நனையும் மண்ணில் யூரியா கூடினால் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 270 மடங்கு. மாத்திரையின் பின்விளைவைச் சொல்லாமல் விற்பவரை நாம் வைத்தியர் என்று கூப்பிடுவதில்லை.

நானூறு ரூபாய்

இப்போது கார்பன் வரவு வியாபாரம் வயலுக்கு வந்திருக்கிறது. நீ தண்ணீரை வற்றவிடு, குறைந்த மீத்தேனை வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றுக் காசு தருகிறோம் என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பன்னாட்டுப் பருவநிலைக் குழு தெற்காசியாவுக்குத் தரும் பொது அளவு ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ. நூறு நாளுக்கு 85 கிலோ, ஏக்கருக்கு 34. பலமுறை வற்றவிட்டால் 45 சதவீதம் குறையும் என்று வைத்தால் 15 கிலோ மிச்சம். 28-ஆல் பெருக்கினால் 420 கிலோ, அரை டன்கூட இல்லை. டன்னுக்குப் பத்து டாலர் கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும் ஏக்கருக்கு நானூறு ரூபாய் தேறாது. அதில் அளப்பவர், சான்று தருபவர், தரகர் எல்லாரும் பங்கு எடுத்தபின் மிஞ்சுவதை வைத்து ஓர் ஆளின் ஒரு நாள் கூலியைக்கூடக் கொடுக்க முடியாது.

அந்த மிச்சமும் யாருக்கு? ஒப்பந்தம் பட்டா உள்ளவரிடம் போடப்படும். தஞ்சைத் தரணியில் கோயில் நிலமும் மடத்து நிலமும் வாய்மொழிக் குத்தகையும் எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. சேற்றில் நிற்பவர் ஒருவர், பத்திரத்தில் நிற்பவர் இன்னொருவர். வாங்குபவருக்கோ, அந்த 420 கிலோவைக் காட்டித் தன் எண்ணெய் வியாபாரத்தைத் தொடர உரிமை. சீனாவின் 37 நெல் வயல் திட்டங்களை, விதிப்படி இல்லை என்று, சான்று தரும் வெர்ரா அமைப்பே 2024-இல் தள்ளுபடி செய்தது. ஷெல் நிறுவனத்தின் பெயரும் அந்த விவகாரத்தில் அடிபட்டது. இந்தச் சந்தைதான் மன்னார்குடி விவசாயிக்குச் சுற்றுச்சூழல் பாடம் எடுக்க வருகிறது.

ஒன்றும் செய்யவேண்டாம் என்று சொல்லவில்லை. வெப்பம் கூடினால் முதலில் பதராகப் போவது நெல்தான். கடல் ஏறினால் முதலில் உப்பாவது வேதாரண்யமும் முத்துப்பேட்டையும்தான். மீத்தேன் குறைவதில் டெல்டாவுக்கு உள்ள அக்கறை டெல்லிக்கும் ஜெனீவாவுக்கும் இருக்க முடியாது. அதனால்தான் வரிசையை மாற்றச் சொல்கிறேன்.

ஓடும் எரிவாயுக் கிணறுகளின் கசிவை அளந்து ஊருக்குச் சொல்லுங்கள். ஆற்றிலும் காட்டிலும் சாக்கடை விடுவதை நிறுத்துங்கள். பாசன வாய்க்காலைத் தூர்வாரிப் படம் எடுத்துக்கொண்ட பிறகு, படத்தில் வராத வடிகாலையும் தூர்வாருங்கள். தண்ணீர் எந்தத் தேதியில் வரும், எந்தத் தேதியில் நிற்கும் என்று முன்கூட்டி எழுதிக் கொடுங்கள். தவறினால் நஷ்டஈடு கொடுங்கள். வற்றவிட்டுப் பயிர் செய்பவருக்கு அரசு நேரடியாக ஏக்கருக்குத் தொகை தரட்டும், பட்டாவைப் பார்த்து இல்லாமல் சாகுபடியைப் பார்த்து. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் நூறு வருஷமாக அங்கேதான் இருக்கிறது. குறுவைக்குத் தனி, சம்பாவுக்குத் தனி, தாளடிக்குத் தனி என்று நம் வயலில் நாமே அளந்து கணக்கு எழுதலாம்.

இத்தனையும் நடந்தபின் ஒரு விவசாயி தண்ணீரை வற்றவிட மறுத்தால், அன்றைக்கு அவரிடம் போய் மீத்தேனைப் பற்றிப் பேசுவோம். நானும் கூட வருகிறேன்.